ஓமும் நோவும்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் கிரிக்கெட் குழுவில் யாழ்ப்பாணத்தார் பத்துப் பேர், கண்டி முஸ்லிம் ஒருவன். நன்றாக விளையாடுவான். ஆனால் அவனுடைய உயிர் றக்பியில் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஃபுல்பாக். எல்லோருக்கும் பின்னால் தனியே நின்று, உயரத்தில் வரும் பந்தைப் பிடிப்பவன். முட்ட ஓடிவரும் தடியன்களைப் பார்க்காமல் பந்தையே பார்ப்பான்.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. என்னை ‘நாநா’ என்பான். அவர்கள் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கோடையில் மாகாண றக்பி அணிக்கான தேர்வுக்கு அவனை அழைத்திருந்தார்கள். வயது இருபத்தெட்டு. இனியொருமுறை அழைக்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“இந்தக் கிழமை கிரிக்கெட்டுக்கு வராதை. காலைக் கையை முறிச்சுப்போடுவாய்” என்றேன்.

“நான் வராட்டி நீங்க தோத்துப் போவீங்களே நாநா” என்று சிரித்தபடி வந்துவிட்டான்.

இருவரும் துடுப்பெடுத்தாடினோம். ஓட ‘யெஸ்’, நிற்க ‘நோ’ என்பது எங்கள் ஒப்பந்தம். நான் நாற்பத்தொன்பதில் நின்றேன். பந்து பக்கத்தில்தான் போனது, ஓடவே கூடாது. ஐம்பது ஆசையில் ஓட வெளிக்கிட்டு, ‘யெஸ்’ என்பதை அவசரத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் “ஓம்! ஓம்!” என்று கத்திவிட்டேன். என்னைப் பார்த்துப் புறப்பட்டவன், என் சத்தம் ‘நோ’ என்று காதில் விழ, பாதியில் சட்டென்று திரும்பினான். ஆடுகளத்தில் போட்டிருந்த விரிப்பில் சப்பாத்து மாட்டிக்கொண்டது. முழங்கால் பிசகிய சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் விசாரித்தபோது, “நாநா சரியாத்தான் சென்னாரு. நான்தான் பிழையாக் கேட்டது” என்றான். நான் குனிந்து அவனுடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு நாளன்று அடம்பிடித்து என் காரில் மைதானத்துக்கு வந்தான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் நின்றான். பந்து உயரே எழும்பியது. இவன் ஊன்றுகோல்களை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். நான் இடுப்பைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பான். அந்த இளைஞன் பந்தைத் தவறவிட்டான்.

“நான் பிடிச்சிருப்பேன் நாநா.”

அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன். அந்த ஓட்டம் என் சுயநலம் என்று சொல்ல வாயெடுத்தேன், வெட்கம் விடவில்லை. விழாமல் நிற்க அவன் என் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.