அலுமாரிக்குள் இருந்த கண்ணீர்
என் மனுசன் செத்தபோது எனக்கு அழுகை வந்தது, கண்ணீர்தான் வரவில்லை. இரண்டும் வேறு என்று எங்கள் ஊர் வங்காலையில் யாருக்கு விளங்கப்படுத்துவது?

அதற்கு ஒரு வருடம் முன்பே என் கண்ணீர் வற்றிவிட்டது. இமைக்குள் மணல் கிடப்பதைப் போல உறுத்தும். மன்னார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர், என் மகள் வயதுப் பிள்ளை, பொறுமையாகச் சொன்னார்: "கண்ணீர் வெறும் உப்புத்தண்ணி இல்லை அம்மா. கிருமி கண்ணில ஒட்டமுதல் பிடிச்சு நிப்பாட்டுற பிறபொருளெதிரி அதுக்குள்ளதான் இருக்கு. உங்களுக்கு அந்தக் காவல் குறைவு. இந்தத் துளிமருந்தில அது இல்லை, ஆனால் கழுவியாவது விடும். ஒரு நாளும் விடாமல் இருக்காதேங்கோ. கண்ணில கை படவும் விடாதேங்கோ."

பிரான்சிலிருந்து மனுசனின் தம்பி வரும்வரை மூன்று நாள் சவப்பெட்டியை வீட்டில் வைத்திருந்தோம். வந்த பெண்களெல்லாம் என்னைக் கட்டிப்பிடித்து, இல்லாத கண்ணீரைக் கையால் துடைத்தார்கள். சிலர் கருவாடு காயப்போட்ட கையோடு வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், எங்கள் ஊரில் ஆறுதல் அப்படித்தான்.

முதல் நாள் மத்தியானம் அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து மருந்தை விட்டேன். கன்னத்தில் வழிந்தது. வாசலில் மச்சாள், அவருடைய அக்கா, நின்றாள்.

"மருந்து விட்டோ அழுறாய்? என்ரை தம்பிக்கு உன்னட்டைச் சொந்தமா ஒரு சொட்டும் இல்லையோ?"

சொல்லுக்குச் சொல் கொடுக்கிற வாய் எனக்கு. அன்றைக்கோ போத்தலை மூடி உள்ளே வைத்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்று தெரிந்தும், வீம்புக்கு மூன்று நாளும் அதைத் தொடவில்லை.

சேமக்காலையில் அவரை அடக்கம் செய்துவிட்டு வரும்போது வலது கண் சிவந்திருந்தது. மறுநாள் சீழ் பிடித்தது. துக்கவீட்டை விட்டு எப்படிப் போவது என்று இன்னும் இரண்டு நாள் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் வெள்ளையாகப் புண். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவேயில்லை.

முப்பத்தோராம் நாள் திருப்பலிப் பூசைக்குக் கண்ணில் கட்டோடு கோயிலுக்குப் போனேன். மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னாள்: "என்ரை தம்பிக்காக அழுதழுதே கண்ணைக் குடுத்தவள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அவளுடைய பிடியிலிருந்து கையை உருவினேன். மற்றக் கண்ணுக்கு மருந்து விடும் நேரம். கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, கோயில் வாங்குப் பலகையில் இருந்தபடியே, எல்லோரும் பார்க்கக் கண்ணில் விட்டேன்.