நாங்க வரல

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மலிவு விலைக் கப்பல் சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்கள் மட்டும் கடைசி வரை படியுங்கள்.

டிக்கெட் போட்டவன் என் மச்சினன். இருப்பதிலேயே மட்டமான அறை. கப்பலின் அடித்தளம், நடைபாதையின் கோடி, ஜன்னல் கிடையாது.

"தூங்குறதுக்கு எதுக்கு மாமா ஜன்னல்?" என்றான். அவன் வரவில்லை, அதனால் வாய் நீண்டது.

ஏறியதுமே லட்சணம் தெரிந்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்குத் தனிக் காசு. சாப்பாட்டுக்கு அனுமார் வால் மாதிரி வரிசை. மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலிக்குக் குடுமிப்பிடிச் சண்டை. துண்டைப் போட்டு இடம் பிடித்தவனெல்லாம் கப்பலையே விலைக்கு வாங்கியவன் போல முறைத்தான். நானும் முறைத்தேன்.

என் மனைவிக்கு மட்டும் ஒரே சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை.

"கப்பல்ல வந்துருக்கோம்ங்க. கொஞ்சம் சிரிங்களேன்."

என் முன்கோபத்தைப் பொறுத்துக்கொள்கிற ஒரே ஜீவன் அவள்தான். அவள் இல்லையென்றால் நான் அம்போ. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த அறையில் விளக்கை அணைத்தால் பட்டப்பகலும் நடுராத்திரிதான். முகத்துக்கு நேரே கையை நீட்டினாலும் தெரியாது. மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது தலைமாட்டுச் சுவர் சில்லென்று இருந்தது. ஏசியைக் குறைத்தேன். பிறகு அணைத்தே விட்டேன். சுவர் இன்னும் சில்லிட்டது.

மணி 2.20.

டொக்... டொக்...

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"பக்கத்து ரூம்காரனுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கத்தினேன்.

என் மனைவி சுவரில் காதை வைத்தாள். "ஒரு அம்மா பேசுறாங்க. குளிருதாம். பாவம்ங்க."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"அப்படின்னா இங்க வந்து படுத்துக்கச் சொல்லு!"

எரிச்சலில் சொன்னேன். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். சிரித்தபடி சுவரைத் தட்டி, "வாங்கம்மா, நாம சேர்ந்து படுத்துக்கலாம்" என்றாள்.

சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சண்டை போட வெளியே வந்தேன். எங்கள் கதவுக்கு அடுத்தது ஒரு இரும்புக் கதவு. எண் இல்லை. கைப்பிடி விரல் ஒட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. தட்டினேன். யாரும் திறக்கவில்லை. புகார் சொல்ல மேலே போனேன். அங்கேயும் வரிசை. வெறுத்துப்போய்த் திரும்பி வந்து எங்கள் அறையைத் திறந்தபோது மணி 3.35.

உள்ளே கும்மிருட்டு. பல் கிட்டிப்போகிற குளிர்.

"எந்திரி. மேல டீ குடுக்குறாங்க. போலாம்."

போர்வைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல்.

"நாங்க வரல."

எனக்கு உடனே உறைக்கவில்லை. இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. 'நாம' என்றால் நானும் சேர்த்தி. 'நாங்க' என்றால் நான் சேர்த்தி இல்லை. தமிழ் பேசுகிற நாலு வயதுக் குழந்தைகூட இதில் தப்புப் பண்ணாது. அறையில் இருந்ததே இரண்டு பேர். என்னைக் கழித்துவிட்டால்... அவளோடு யார்?

"நாங்கன்னா... யாரு?"

சுவிட்சைத் துழாவினேன்.

"லைட்டப் போடாதீங்க. எங்களுக்குக் கண்ணு கூசுது."

எங்களுக்கு...

செல்போன் வெளிச்சத்தை அடித்தேன்.

கட்டிலின் விளிம்பில் அவள். இடம் விட்டுப் படுத்திருந்தாள்.

பக்கத்தில் போர்வை மேடாக இருந்தது.

அவள் மூச்சுக்குப் போர்வை ஏறி இறங்கியது.

அந்த மேடு அசையவே இல்லை.

இழுத்தேன்...

யாரும் இல்லை.

தலையணையில் மட்டும் ஒரு குழி.

என் தலையணை.

அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். உதடெல்லாம் நீலம். வெயிலில் உட்கார வைத்துக் கையைத் தேய்த்தேன். வாய்விட்டு அழுதேன். மீதிப் பயணம் முழுக்க அந்தச் சாய்வு நாற்காலிகளிலேயே கிடந்தோம். அவள் அதிகம் பேசவில்லை. கேட்க எனக்குப் பயம்.

கரை வந்தது. அறையைச் சுத்தம் செய்கிறவர் எங்கள் பெட்டியைத் தூக்கி வந்தார். அவரிடம் கேட்டேன்.

"பக்கத்து ரூம்ல யாரு?"

தயங்கினார். "அது ரூம் இல்ல சார். பயணத்துல யாராவது தவறிட்டா, கரைக்கு வர்ற வரைக்கும் அங்கதான் வைப்போம். குளிர் அறை. அதான் உங்க ரூம் வெல கம்மி."

"இந்தத் தடவை?"

"நீங்க ஏறின அன்னிக்கே ஒரு அம்மா. தனியா சுத்திப் பாக்க வந்தவங்க. இப்பத்தான் இறக்குனோம்."

இறக்கிவிட்டார்கள். விட்டது சனி என்று மூச்சு விட்டேன்.

துறைமுக வாசலில் டாக்சி நின்றது. பின் கதவைத் திறந்தேன். என் மனைவி ஏறினாள். உள்ளே நகராமல் கதவோரமே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளு."

அவள் என் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தாள். கை சில்லென்று இருந்தது.

"நீங்க முன்னாடி ஏறிக்கோங்க. பின்னாடி எங்களுக்கே எடம் பத்தல."