மூன்றாம் நிமிடத்து மணி

கேட்காமலே வாங்குகிறவனுக்குக் காது எதற்கு என்று இசோமுரா கேட்பார். பதினொரு வருடமாக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதையே கேட்கிறார். ஒசாகாவின் நிப்பொம்பாஷிக் கடைத்தெருவில், ஹெட்போன் மட்டுமே விற்கிற கடையின் மூன்றாம் மாடியில், வாங்கும் முன் கேட்டுப் பார்ப்பதற்கான மேசையைக் கவனித்துக்கொள்கிறவள் நான். வருகிறவர்களுக்கு எண் சீட்டுக் கொடுப்பேன். ஆளுக்குப் பத்து நிமிடம். பிறகு காது மெத்தையைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுப்பேன். பாதிப் பேர் ஒன்றும் வாங்காமல் தலைவணங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. அவசரப்பட்டு வாங்கிப் போய், மறுவாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

இசோமுரா, இசுமிசானோ ஊரில் துண்டு நெய்யும் ஆலையில் முப்பத்துநான்கு வருடமாகத் தறி பார்க்கிறவர். ஐம்பத்தாறு வயது. சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி நம்பாவில் இறங்கி, ஒரு கிண்ணம் கறி ஊதோன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, என் மாடிக்கு ஏறி வருவார். எவ்வளவு வாரிக்கொண்டு வந்தாலும் தலையில் எங்காவது ஒரு பஞ்சு ஒட்டியிருக்கும். வேறு சிறப்பென்று அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடி அதில் எழுதி வைப்பார்கள். பலர் ஒரு பக்கத்துக்குக் கவிதை எழுதுவார்கள். இசோமுரா மூன்று வரிதான் எழுதுவார், அதுவும் கடுகு எழுத்தில். நாகோயாவிலிருந்துகூட ஆள் வந்து அந்த மூன்று வரியைப் படித்துவிட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் என் மேசையைச் சுற்றிக் கூடுகிற எங்கள் கூட்டத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர்.

அவருடைய சோதனை எல்லோருக்கும் தெரியும். அவர் ஊர் மண்டபத்தில் எப்போதோ நடந்த பியானோக் கச்சேரியின் ஒலிப்பதிவு ஒன்று வைத்திருக்கிறார். மண்டபத்திலேயே நூறு இசைத்தட்டு போட்டு விற்றார்களாம். மூன்றாம் நிமிடத்தில், பியானோ தணிகிற இடத்தில், கூட்டத்தில் யாரிடமிருந்தோ ஒரு குட்டி மணி ஒலிக்கும். நல்ல ஹெட்போன் என்றால் மணி இடப்பக்கம் பின்னாலிருந்து வரும். மட்டமான ஹெட்போனில் பியானோவோடு கலந்து குழம்பிப் போகும். அந்தப் பதிவை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த இலையுதிர்காலத்தில் மினெயோ என்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் புது ஹெட்போன் ஒன்றை அறிவித்தார்கள். விலை நான்கு லட்சத்து இருபதாயிரம் யென். முதல் தவணையில் இருநூறுதான், ஒவ்வொன்றிலும் எண் பொறித்துத் தருவார்கள், முன்பதிவு ஞாயிறு இரவு எட்டு மணியோடு சரி. அடுத்த தவணை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. மாதிரி டோக்கியோவில் மட்டும் இருந்தது. ஒசாகாக்காரர்கள் கேட்காமலே பதிய வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் இதற்கென்று ஒருவர் உண்டு. அந்தக் காலத்தில் பாலம் நிற்க வேண்டுமென்று ஓர் ஆளைத் தூணடியில் புதைப்பார்களாம். கேட்காமல் வாங்கிவந்து நல்லது கெட்டது சொல்கிறவருக்கு நாங்கள் அந்தத் தூண்பலி என்ற பெயரை வைத்திருக்கிறோம். சக்காயில் மருந்துக்கடை வைத்திருக்கிற பான்தான் வழக்கமான தூண்பலி. நல்ல சதைப்பிடிப்பான மனிதர், எதைச் சொன்னாலும் சிரிப்பார். அவரே இந்த விலையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். “வாத்தியார் பதிஞ்சா நானும் பதியறேன். இவ்ளோ பெரிய பாலத்துக்கு நான் ஒருத்தன் பத்தாது” என்றார். மற்ற நான்கு பேரும் அதையே சொன்னார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பதினொரு வருடம் ஓதிய மனிதரின் காலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் இசோமுராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கள்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை பதிவாகியிருக்கிறது என்று கேட்டார். செவ்வாய் இரண்டு முறை கூப்பிட்டார். புதன்கிழமை வேலை நாள், அன்றைக்கு நேரிலேயே வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார்வார், உடனே எழுந்து கண்ணாடி அலமாரி வரை போவார், திரும்பி வருவார், படியில் பாதி இறங்குவார், எதையோ மறந்தவர் போல மறுபடி ஏறி வருவார். மினெயோவின் விளம்பரத் தாளை மடித்து மடித்து அது நைந்தே போனது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைகூட இப்படித் தவித்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு மினெயோவின் ஆள் மாதிரியை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கே வருகிறார், அரை நாள் இருப்பார். முதல் வேலையாக இசோமுராவுக்குச் செய்தி அனுப்பினேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். பதில் வரவில்லை. கடை சாத்த ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆலைச் சட்டையோடு மூச்சிரைக்க வந்து நின்று, முன்பதிவுத் தாளைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். நின்றபடியே பெயரும் விலாசமும் எழுதி என் பக்கம் தள்ளினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்லிவிட்டு இதென்ன என்று நினைத்தேன்.

“நாளைக்கு அந்த ஹெட்போனே இங்க வருது. ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதா? இன்னைக்கு எதுக்குக் கேக்காமப் பதியறீங்க?” என்றேன்.

“நாளைக்குக் கேட்டுட்டேன்னா அப்புறம் பதிய முடியாது, அரிமா சான்.”

புரியவில்லை என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். மாடியில் வேறு யாருமில்லை. அப்போதுதான் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்தார்.

“மே மாசம் ஆலைல உடம்பு சோதனை. அந்தச் சின்னக் கூண்டுல உக்கார வச்சு காதுல மாட்டி விட்டாங்க. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். கீழ்ச்சத்தம் வந்துச்சு, அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு கண்ணாடி வழியா சோதனை பண்ற அம்மாவைப் பாத்தேன். அவங்க எழுதிட்டே இருந்தாங்க.”

சீட்டில் காதுக்கு எதிரே ‘மறு பரிசோதனை தேவை’ என்று வந்ததாம். அன்றைக்குத் தறிச் சத்தம் காதிலேயே நின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாராம். முதல் பத்து வருடம் ஆலையில் யாரும் காதடைப்பான் போட்டதில்லை என்பதையும், எனக்கு என்னவோ பதில் சொல்வதுபோல, சொன்னார்.

நான் நோட்டைப் பார்த்தேன். மே மாதத்துக்குப் பிறகு மூன்று ஹெட்போன்களைப் பற்றி அவர் எழுதியிருந்தார். மூன்றிலும் ஒரே தீர்ப்பு. ‘மணி இல்லை. வாங்க வேண்டாம்.’ முதலாவது கறுப்பு நிறத்தது, அதைப் பதிந்திருந்த பான் இவர் சொல்லுக்காக வேண்டாமென்று விட்டுவிட்டார். மற்றொன்று விற்காமலே மேசையை விட்டுப் போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கோணல் தீர்ப்பை வண்ணத் தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியவள் நான்தான்.

“உங்க பதிவைக் குடுங்க. அந்தக் கறுப்பு இன்னும் மேல்தட்டுல இருக்கு. நான் கேட்டுச் சொல்லிடறேன்” என்றேன். சட்டென்று அந்தப் பதிவு இருக்கிற பிளேயரை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

“வேணாம். சொல்லிடாதீங்க. இந்த மினெயோல மணி வந்துரும்னு ஒரு நெனப்பு இருக்கு. கேக்காத வரைக்கும் அது வரும்.”

நான்கு லட்சத்து இருபதாயிரத்துக்கு அவர் வாங்கப் பார்த்தது ஹெட்போன் இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் பான் முதலான ஐந்து பேர் இந்தத் தாளை நம்பி வரிசையில் நிற்கிறார்களே என்ற எரிச்சலும் போகவில்லை. ஞாயிறு எட்டு மணி வரை நேரம் இருக்கிறது, தாள் என்னிடமே இருக்கட்டும், கணினியில் ஏற்ற மாட்டேன், நாளைக்கு வருவதும் வராததும் உங்கள் பாடு என்று சொல்லி அனுப்பினேன். 

சனிக்கிழமை நான் கடை திறக்கும் முன்பே அவர் கீழே நின்றிருந்தார். கண்ணைப் பார்த்தால் தூங்கினவர் மாதிரி இல்லை. ஒன்றாம் எண் சீட்டு அவருக்குத்தான். அதைப் பானிடம் கொடுக்கப் பார்த்தார். வாத்தியார் இருக்கும்போது நான் உட்காருவதா என்று பான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கழிவறைக்குப் போய்விட்டு வந்தார். எப்போதோ விட்ட சிகரெட்டுக்காகத் தெருவுக்கு இறங்கி, அது இல்லாமலே திரும்பி வந்தார். கடைசியில் மினெயோவின் ஆள் இரண்டு கையாலும் ஹெட்போனை நீட்டித் தலைவணங்கியபோது, ஓட வழியில்லாமல் உட்கார்ந்தார்.

மூன்றாம் நிமிடத்தில் கண்ணை மூடினார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். கூட்டம் அவருடைய முகத்தையே பார்த்தது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே கழற்றி, காது மெத்தையைத் தானே துடைத்தார்.

“மணி எப்படி, வாத்தியாரே?” என்றார் பான்.

இசோமுரா எழுந்துகொண்டார். பானை நாற்காலியில் உட்கார்த்தி, தன் பிளேயரை அவர் கையில் கொடுத்தார். யாருக்கும் கொடுக்காத பதிவை இப்படித் தூக்கிக் கொடுத்ததில் பானுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“மணி வந்தா விரலைத் தூக்குங்க” என்றார் இசோமுரா.

மூன்றாம் நிமிடத்தில் பானின் சுட்டுவிரல் உயர்ந்தது. பிறகு இசோமுரா மேல்தட்டைக் காட்டி அந்தக் கறுப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதே இடத்தில் அதே விரல் உயர்ந்தது. இசோமுரா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டைக் கேட்டு வாங்கி, மே மாதம் வரை பின்னால் புரட்டினார். மூன்று தீர்ப்புக்கும் கீழே மூன்று முறை, அதே கடுகு எழுத்தில், ‘மணி இருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. இசோமுரா’ என்று எழுதினார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, மினெயோவின் கீழ்ச்சுரம் பியானோவுக்கு அடியில் தரை இருப்பதைக் காட்டுகிறது என்றும், மேல்சுரத்தைப் பற்றிப் பான் எழுதுவார் என்றும் எழுதிப் பேனாவைப் பானிடம் நீட்டினார். தோள் வழியே படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். மினெயோவின் ஆள் மட்டும், என்ன ஏதென்று தெரியாமல், இன்னொரு தடவை தலைவணங்கினார்.

முன்பதிவுத் தாளை நான் எடுத்து நீட்டினேன். அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டாயிற்று, இனிமேல் வேண்டாம் என்றார்.  அந்த வாரத்தின் தவிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் அமைதியானது எனக்குத்தான் தாங்கவில்லை, காரணமில்லாமல் மேசையை இரண்டு தடவை துடைத்தேன்.

பிளேயரைப் பையில் போடும்போது பானைக் கேட்டார், அந்த மணி எப்படி இருந்தது என்று. பான் கேலி செய்யவில்லை. யோசித்துச் சொன்னார்.

“பர்ஸுல கட்டுவாங்களே, அந்த மாதிரிக் குட்டி மணி. ஆனா முழுசா அடிக்கலை. ரெண்டு தடவை குலுங்குச்சு. மூணாவதுக்கு யாரோ கையால பொத்தின மாதிரி டக்குனு நின்னுபோச்சு.”

“பொத்துனது நான்தான்” என்றார் இசோமுரா. “என் வீட்டுக்காரி பர்ஸு அது. கச்சேரியக் கெடுத்துட்டியேன்னு வீடு போற வரைக்கும் அவளைத் திட்டிட்டே போனேன்.”

படிவரை போனவர் நின்றார்.

“அதே பர்ஸைத்தான் இன்னும் வச்சிருக்கா. சத்தமே வரலையே, மணி அறுந்து விழுந்துருச்சு போலன்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். போயிப் பாக்கணும்.”