மடியில் ஐந்து கிலோ ஃபாசிகா

ஷிமெலிஸ் ரொட்டி மாவை நெல்லிக்காய் அளவு கிள்ளி உருட்டுகிறார். வண்டியின் மட்கார்டுக்குள் கையை விட்டு, டயருக்கு நேர் மேலே ஒட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துகிறார். பின்சக்கரங்களில் பக்கத்துக்கு இரண்டு, முன்சக்கரங்களில் பக்கத்துக்கு ஒன்று. பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக் கூப்பிடுகிறார்.

"ம், எல்லாரும் ஏறுங்க. ஆளை ஏத்துவோம், அப்புறம் அளவு பேசலாம். மடியில ஃபாசிகாவ மறக்காம வெச்சுக்கங்க."

அடிஸ் அபாபாவின் வடக்கே, எந்தோத்தோ மலைக்கு ஏறும் சாலையில், துணிக்கடைகள் முடிந்து ரொட்டிக்கடை வரும் இடத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. வோல்ஸ் வண்டிக்கு அகலச் சக்கரம் போடுவது ஒன்றுதான் அவர் தொழில். வண்டு போல முதுகு வளைந்த அந்தப் பழைய காரை உலகம் என்ன பெயரிலோ அழைக்கட்டும், எங்களுக்கு அது வோல்ஸ். எஞ்சின் பின்னால் இருக்கும், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். "வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் நோன்பு இருக்கற வண்டிங்க இது. ஒரு சொட்டுத் தண்ணி கேக்காது" என்பார் ஷிமெலிஸ். இதைச் சொல்லும்போது அவரே வண்டியைப் பெற்றெடுத்தவர் மாதிரி முகம் மலரும்.

வயது ஐம்பத்தெட்டு. குட்டையான, கெட்டியான உடம்பு. வலது காதில் ஒரு பென்சில். பட்டறையில் மட்டுமல்ல, கோயிலில் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு பூசைக்கு நிற்கும்போதும் அது அங்கேயே இருக்கும். ஒருமுறை பாதிரியார் ஆசீர்வதிக்கக் கையை வைத்தபோது பென்சில் குத்தியது என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

வோல்ஸின் சொந்தச் சக்கரம் ஒல்லியானது. மழைக்காலத்துச் சேற்றில் அது தடுமாறும், பார்க்கவும் பெரிய உடம்பைச் சின்னச் செருப்பில் நிறுத்தியது போல இருக்கும். ஷிமெலிஸ் பழைய ரிம் இரண்டை வாங்கி, அறுத்து, நடுவில் ஒரு பட்டை சேர்த்துப் பற்றவைத்து, ஒன்றரை மடங்கு அகலமாக ஒரே ரிம் செய்துவிடுவார். அதைச் சுழலவிட்டு ஓரத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். கோடு சுற்றிலும் ஒரே சீராக விழும்வரை விடமாட்டார். பூகோள ஆசிரியனான நான் கரும்பலகையில் வரையும் பூமிப்பந்து ஒருநாளும் அத்தனை வட்டமாக இருந்ததில்லை. என் வெளிர்நீல வோல்ஸில் ஓடுவதும் அவர் செய்த சக்கரம்தான்.

செய்வதைவிடப் பொருத்துவதுதான் கஷ்டம். சக்கரம் கொஞ்சம் உள்ளே போனால் அடியில் இரும்பில் உரசும், கொஞ்சம் வெளியே வந்தால் மட்கார்டைக் கடிக்கும். வோல்ஸை ஜாக்கி வைத்துத் தூக்கினால், தூக்கிய கோழி காலை மடக்குவது போலப் பின்சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். அப்போது எந்தச் சக்கரமும் பொருந்தியதாகத்தான் தெரியும். ஆள் ஏறியதும் காலை அகட்டி உட்காரும், மட்கார்டு டயர்மேல் இறங்கும். அதனால்தான் இவர் யார் யார் அந்த வண்டியில் வழக்கமாகப் போவார்களோ அத்தனை பேரையும் வரவழைத்து ஏற்றுவார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஒட்டிய மாவில் டயர் உரசிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். என் முறை வந்தபோது என் மாமியாரையே வரச் சொன்னார். அவரிடம் எடை கேட்கும் தைரியம் இந்த ஊரில் ஷிமெலிஸுக்கு மட்டுமே உண்டு.

எல்லாம் சரி, மடியில் ஐந்து கிலோ டெஃப் தானிய மாவுப் பை எதற்கு? அதற்கு ஃபாசிகா, அதாவது ஈஸ்டர், என்று பெயர் எதற்கு?

பதினைந்து வருடத்துக்கு முன்னால் தன் மனைவியின் தங்கை பிர்துகானின் கல்யாண வண்டிக்கு இவர் அகலச் சக்கரம் போட்டார். நோன்பு முடிகிற வாரம். கல்யாணப் பெண், தோழர்கள் எல்லோரையும் ஏற்றி, அளந்து, மாவு ஒட்டிப் பார்த்து, விரற்கடை இடைவெளி விட்டு முடித்தார். சுத்தமான வேலை. ஆனால் ஏறியவர்கள் அத்தனை பேரும் ஐம்பத்தைந்து நாள் இறைச்சி, முட்டை, வெண்ணெய் எதையும் கண்ணால் பார்க்காதவர்கள். கல்யாணமோ ஃபாசிகா முடிந்து அடுத்த ஞாயிறு. இடையில் ஏழு நாள். எங்கள் ஊரில் அந்த ஏழு நாளில் என்ன நடக்கும் என்று ஆடுகளைக் கேட்டால் சொல்லும். தோழர்கள் ஆளுக்குச் சில கிலோ கூடி வந்தார்கள், மணப்பெண் பெரிய கவுனோடு வந்தாள், யாரோ ஒரு மேளத்தையும் உள்ளே திணித்தார்கள். கோயில் வாசலிலிருந்து கர்ர்ர் என்ற சத்தத்தோடு வண்டி புறப்பட்டது. புதுவிதமான ஹாரன் என்று ஜனங்கள் கை தட்டினார்கள். மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது டயர் வெடித்தது. பிர்துகான் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போய்த்தான் விருந்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்துதான், ஃபாசிகாவில் ஏறப்போகும் சதைக்கு ஈடாக, ஆளுக்கு மடியில் ஐந்து கிலோ.

அன்று ஷிமெலிஸின் மனைவி வொர்க்கினேஷ் சொன்னாள்: "உன் சக்கரத்து மேல இனி நான் உக்கார மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவளுக்காக இவர் தன் சொந்தக் கிரீம் நிற வோல்ஸில் பழைய ஒல்லிச் சக்கரத்தையே வைத்திருந்தார். அதிலும் அவள் ஏறவில்லை. "நீ தொட்டா அதுவும் உன் சக்கரம்தான்." ஞாயிறுதோறும் அவள் மினிபஸ்ஸில் கோயிலுக்குப் போவாள், இவர் பின்னாலேயே காலி வோல்ஸை உருட்டிக்கொண்டு போவார். அந்த ஊர்வலத்தைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். சிரித்த பிறகு ஏதோ போல் இருக்கும்.

இந்த வருடம் அவர்களுடைய ஒரே மகள் மஹ்லெத்துக்குக் கல்யாணம். தேதி, வழக்கம்போல ஃபாசிகா முடிந்த ஞாயிறு. அப்பாவின் வண்டியில்தான் போவேன் என்றாள். "ஊருக்கெல்லாம் அகலச் சக்கரம், எனக்கு மட்டும் சைக்கிள் டயரா? போடுங்கப்பா" என்றாள். அது போதாதென்று, "அம்மா பக்கத்துல உக்காந்தாத்தான் கோயிலுக்குக் கிளம்புவேன்" என்றும் ஒரு குண்டைப் போட்டாள்.

"அப்ப நடந்து போ. உங்க சித்தியும் நடந்துதானே போனா" என்றாள் வொர்க்கினேஷ். அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நோன்பு முழுவதும் ஷிமெலிஸ் அந்த நான்கு ரிம்மோடு மல்லாடினார். ஒன்றை மூன்று முறை அறுத்து ஒட்டினார். நெய்யில்லாத பருப்புக் குழம்பைத் தொட்டு இன்ஜெரா ரொட்டியை விழுங்கிக்கொண்டே சாக்பீஸ் கோட்டைப் பார்ப்பார். "கோடு கோணல் இல்லீங்களே, வாத்தியாரே?" என்று என்னிடம் பத்து முறை கேட்டிருப்பார். சக்கரத்தில் கோணல் இல்லை. அப்படிச் சொன்னாலும் மறுபடி சுழலவிட்டுப் பார்ப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பட்டறை வாசலில் அளவு பார்த்தார்கள், நானும் கூட நின்றேன். மஹ்லெத்தும் இரண்டு தோழிகளும் ஏறினார்கள். மடியில் ஆளுக்கொரு ஃபாசிகா. வொர்க்கினேஷ் உட்கார வேண்டிய முன்சீட்டில் ஷிமெலிஸ் இரண்டு சிமெண்ட் சாக்குகளில் டெஃப் நிரப்பி வைத்தார், ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. ரொட்டிக்கடைக்கு வந்த வொர்க்கினேஷ் கையில் கூடையோடு நின்று பார்த்தாள்.

"அது யாரு?"

"நீதான்" என்றார் ஷிமெலிஸ்.

"எத்தனை கிலோ?"

"அம்பது."

தோழிகள் களுக்கென்று சிரித்தார்கள். வொர்க்கினேஷ் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கே நான் அறுபது. இப்ப எழுபத்தெட்டு. என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் அளவு வெச்சு, நாளைக்கு என் பொண்ணையும் சேத்துல நடக்க வைக்கப் போறியா?"

பதினைந்து வருடமாக ஊரில் யாரையும் நம்பாமல் எடை போட்ட மனிதர், வீட்டில் மட்டும் இருபத்தெட்டு கிலோ கோட்டை விட்டிருந்தார்.

வொர்க்கினேஷ் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து என் கையில் தள்ளினாள். ஒன்றை வாங்கிக்கொண்டேன், மற்றது என் கால்மேல் விழுந்தது. அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி ஒரு பக்கமாக நன்றாகவே இறங்கியது. கதவைச் சாத்திவிட்டுக் கையை வெளியே நீட்டினாள்.

"குடு அந்த ஃபாசிகாவ. அதையும் சேத்தே அள."

மலைச்சாலையில் ஏறி, யூக்கலிப்டஸ் மரங்கள் வரை போய், குண்டும் குழியுமான குறுக்குப் பாதையில் இறங்கி வந்தது வண்டி. நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். எஞ்சினின் கடகட சத்தம் மட்டும் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

ஷிமெலிஸ் இறங்கி, பக்கத்துக்குப் பக்கம் குனிந்து ஆறு மாவுருண்டைகளையும் பெயர்த்து, உள்ளங்கையில் வைத்து மனைவியின் ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஆறிலும் அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. வொர்க்கினேஷ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"சரி" என்றாள். இறங்கவில்லை. மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். "இன்னொரு சுத்து போ."

"எதுக்கு? அளவுதான் பாத்தாச்சே?"

"அளவுக்கு இல்லய்யா. சும்மா போ."

ஷிமெலிஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்து, என் சட்டைப் பையில் செருகிவிட்டு, வண்டியில் ஏறினார்.