ஆஸியா உம்மாவின் மீஸான் கல்

ஆஸியா உம்மா டெல்லியைக் கண்டவள் அல்ல. பக்கத்திலிருக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதே வாழ்நாளில் மூன்று தடவைதான், அதிலும் இரண்டு கலியாண வீட்டுக்கு. இருந்தும் ஹுமாயூன் பாதுஷாவின் மக்பரா என்கிற சமாதி மண்டபத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தான் அன்றாடம் சோறாக்கும் குசினியைப் பற்றிக்கூடத் தெரியாது. சிவப்புக் கல்லில் எழுப்பி, வெள்ளைச் சலவைக் கல்லால் கரை பிடித்த கட்டடம். உச்சியில் ஒரு கும்மட்டம், அதற்குள்ளே இன்னொரு கும்மட்டம். வெளியே நிற்கிறவனுக்கு உயரமாகவும் உள்ளே நிற்கிறவனுக்கு அளவாகவும் தெரிய வேண்டுமே. சுற்றிவர நாலு பங்காக வகுத்த தோட்டம், ஊடே வாய்க்கால். மேலே எல்லோரும் சலாம் சொல்கிற கல் வெறும் அடையாளம். பாதுஷா கிடப்பது அதற்கு நேர் கீழே, இருட்டறையில். சாம்ராஜ்யம் சரிந்த பிறகு அந்தத் தோட்டத்தில் முட்டைக்கோவாவும் புகையிலையும் நட்டார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

இந்தக் கல்விக்கெல்லாம் காரணம் அவளுடைய கணவர் சாஹுல் ஹமீது. சட்டைக் கரைக்குத் தைக்கிற ரேந்தையும் பொத்தானும் ஊசி நூலும் பொட்டணத்தில் கட்டி வத்தேகமவிலிருந்து ஹந்தானை வரை தோளில் சுமந்து விற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு அஜ்மீர் தர்காவுக்கு ஸியாரத் போன கூட்டத்தோடு போனார். திரும்பும் வழியில் டெல்லியில் இரண்டு நாள் நின்றார். அந்த இரண்டு நாளை எட்டு வருஷம் பேசினார். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் ஒரு முழம் ரேந்தை கேட்ட பெண்கள், மொகலாய வம்சத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வீடு போக வேண்டியிருந்தது.

அவருக்கு மிகவும் பிடித்த சங்கதி, அந்த மக்பராவைக் கட்டத் தொடங்கியது பாதுஷாவின் பெண்சாதி ஹாஜி பேகம் என்பது.

"ஒரு பொம்பள கட்டினது, புள்ள. புருஷனுக்காக. நீ எனக்கு என்னா கட்டப் போற?"

"ஒங்கட வாயக் கட்டுறேன், மச்சான். ஊரே துஆ செய்யும்."

முப்பத்துநாலாம் ஆண்டின் கடைசியில் கேகாலைப் பக்கம் மலேரியா பரவி, வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்தார்கள். காய்ச்சலில் நடுங்குகிற ஊருக்கு ரேந்தை விற்கப் போன ஒரே வியாபாரி என்ற பெருமை சாஹுல் ஹமீதுக்கே உரியது. அவரும் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்து, பதினோராம் நாள் மௌத்தானார். மையத்தைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியதோடு ஆஸியா உம்மாவுக்கு அவரோடு இருந்த உறவு முடிந்தது. பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கம் இல்லை. அடக்கிவிட்டு வந்த அவள் தம்பி ஜமால்தீன், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு கட்டை நட்டதாகச் சொன்னான்.

நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இத்தா இருக்கும்போது அவள் அந்தக் கட்டைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. கட்டை உக்கிப்போனால், சாஹுல் ஹமீது என்று ஒரு மனிதர் இருந்ததற்கே அடையாளம் இல்லை. அவர் கிடக்கிற இடத்தில் ஒரு மீஸான் கல்லாவது நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மக்பராவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹாஜி பேகம் பாதுஷா மௌத்தாகி ஒன்பது வருஷம் பொறுத்து வேலையைத் தொடங்கினாள். பாரசீக வழியில் கட்டத் தெரிந்த மேதையை வரவழைத்தாள். ஆஸியா உம்மாவுக்குக் கிடைத்தவர்கள் ஜமால்தீனும், அம்மி கொத்துகிற பழனியாண்டியும். திரைக்குப் பின்னால் இருந்தபடி அவள் கல்லின் தலையில் வர வேண்டிய கும்மட்டத்தை விளக்கினாள்: கீழே ஒடுங்கி, நடுவில் பருத்து, நுனியில் கூர். பழனியாண்டி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனார். கல் வந்தபோது அதன் தலையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு அம்மிக் குழவி உட்கார்ந்திருந்தது. ஆஸியா உம்மா அதைத் தடவிப் பார்த்து, மிகவும் அழகு என்றாள். பொய்யில்லை, அவளுக்கு அது அழகாகத்தான் இருந்தது.

இத்தா முடிந்த வாரம் ஜமால்தீன் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனான். லுஹர் தொழுகைக்கு முன்னரே திரும்பி வந்து, நட்டாயிற்று என்றான். அவள் போட்ட சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வெயிலின் களைப்பு என்று நினைத்தாள். அன்றிலிருந்து மூன்று வாரம் நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

நாலாவது வாரம் ஹவ்வா உம்மா வந்தாள். தெருவின் அடுத்த முனையில் இருப்பவள். அதே காய்ச்சலில் அவளும் புருஷனைப் பறிகொடுத்து, அப்போதுதான் இத்தாவிலிருந்து வெளிப்பட்டிருந்தாள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். தன் மகன் வாப்பாவின் கபுறுக்குப் போனானாம். அங்கே யாரோ குழவி வைத்த கல் ஒன்றை நட்டிருக்கிறார்களாம். இடம் தவறவில்லை, அடையாளத்துக்கு அவன் புதைத்த நீலப் பீங்கான் துண்டு தலைமாட்டில் அப்படியே கிடக்கிறதாம். இந்த நன்மையைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டு வருகிறாளாம்.

ஆஸியா உம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஜமால்தீனைக் கூப்பிட்டாள்.

"கல்ல எங்க வெச்ச, உண்மயச் செல்லு."

"சித்திரை மழைக்குக் கட்டையெல்லாம் போச்சு, ராத்தா. அந்த எடத்துல இப்ப எட்டு கபுறு ஈக்கிது, எல்லாம் ஒரே மாதிரி. ஒங்கட மொகத்தப் பார்த்து தெரியாதுன்டு செல்ல ஏலல்ல."

மறுநாள் பகலில் ஆஸியா உம்மா மையவாடிக்குப் போனாள். தெருவில் ஆண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பின்னால் மண்வெட்டியும் குடையுமாக ஜமால்தீன் ஓடினான். சரிவில் எட்டு மேடுகள் இருந்தன. ஒன்றின்மேல் அவளுடைய கல்லும் நீலப் பீங்கானும். மற்ற ஏழிலும் புல் முளைத்திருந்தது. பாதுஷாவின் மக்பராவுக்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட கபுறுகள் உண்டு, யார் யாருடையது என்று அங்குள்ளவர்களுக்கே தெரியாது என்று சாஹுல் ஹமீது ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அன்று அவளும் சிரித்திருந்தாள்.

"கல்லப் புடுங்கட்டா ராத்தா?" என்றான் ஜமால்தீன். "நீங்க ஒரு எடத்தக் காட்டுங்க. அங்க நாட்டுறேன். யாரு கேக்கப் போற?"

யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான்.

"வேணாம். அந்த மனுஷனுக்கே ஈக்கட்டும். ஒரு பொய் போதும்."

பிறகு மற்ற ஏழில் ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் போய் நின்று, சலாம் சொல்லி, மெதுவாக "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தாள். ஆறு மேடு ஆயிற்று. ஏழாவதில் அவள் கூப்பிடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஜமால்தீன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"இதா, ராத்தா? இதுதானா?"

"இல்ல," என்றாள் ஆஸியா உம்மா. "கால் வலிக்கிது."

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குடையை விரித்து அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.