ஊசி நின்ற இடம்

நன்றாக ஆடியவன் நன்றாகச் சொல்லியும் கொடுப்பான் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவன் மட்டும் ஊசியின் கையில் கிடைத்தால் தொலைந்தான்.

ஊசி என்பது பட்டப்பெயர். எதிரணியில் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் நடுவே பந்தைக் கோத்து அனுப்பிவிடுவார். தேசிய கால்பந்து அணியில் கொடிகட்டிப் பறந்தவர், வயது ஏறியதும் மூன்றாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு கிளப்புக்கு கோச்சாக வந்தார். கிளப்பின் முதலாளி டயர் வியாபாரி. அந்த மனிதருக்கு வேண்டியது கோச் அல்ல, சுவரொட்டிக்கு ஒரு முகம். சாயங்காலப் பயிற்சிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, "ஊசி ஆடுகிறார், வாருங்கள்" என்று பலகை மாட்டினார். கூட்டமும் வந்தது.

"தம்பி, நீ கத்துக்குடுக்கப் போறியா, ஆடிக்காட்டப் போறியா?" என்று கேட்டாள் மருந்துக்கடையில் வேலைபார்க்கும் அவருடைய அக்கா. ஊசிக்குச் சுருக்கென்றது. அன்று அக்காவோடு பேசவே இல்லை.

நடுக்களத்தில் ஆடுகிறவன் ஒரு நெட்டை. நல்ல பிள்ளை, ஆனால் கேள்வி கேட்பான்.

"பாக்காமலே எப்படிண்ணே பாஸ் போடுறீங்க?"

"அவன் அங்க வருவான்னு தெரியும்ல."

"அதான், எப்படித் தெரியும்?"

ஊசிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத கோபத்தில், "தள்ளு, நான் காட்டுறேன்" என்பார். நெட்டை ஒதுங்குவான். ஊசி காட்டுவார், கூட்டம் கைதட்டும். சீசன் முழுக்க இந்தக் கூத்துதான் நடந்தது. சனிக்கிழமை ஆட்டங்களில் கிளப் தோற்றுக்கொண்டே வந்தது. பையன்களுக்கு மூளையே கிடையாது என்று ஊசி வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் கிளப் நாலாம் பிரிவுக்கு இறங்கும். ஊசியை அதற்குப் பிறகு எந்த கிளப்பும் கோச்சாகக் கூப்பிடாது.

முதல் பாதியில் கோல்கீப்பர் பந்தை நடுக்களத்துக்கு உருட்டினான். அங்கே ஆளில்லை, நெட்டை ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தான். எதிரணி எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவனும் அதே வெற்றிடத்துக்குத் தள்ளினான். இரண்டாவது கோலும் விழுந்தது.

இடைவேளையில், சாக்கடை வாடை அடிக்கும் உடைமாற்றும் அறையில், ஊசி கொதித்தார்.

"யாருமே இல்லாத இடத்துக்கு யாருக்குடா பாஸ் போடுறீங்க?"

கோல்கீப்பர்தான் வாய் திறந்தான். "அங்க நீங்கதானேண்ணே நிப்பீங்க. கை பழகிடுச்சு."

ஊசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் சாயங்காலம் தான் நின்ற இடம் கண்முன் வந்தது. பையன்களுக்குப் பயிற்சி கொடுத்ததாக நினைத்தாரே, தனக்குப் பந்து கொடுக்கத்தான் பழக்கியிருக்கிறார். நெட்டையைப் பார்த்து, "இனிமே நீ அங்க நில்லு" என்றார்.

"நின்னு என்ன பண்ணணும்ணே?"

"தள்ளு, நான்..." என்று ஆரம்பித்த ஊசி பாதியில் நிறுத்திக்கொண்டார். விசில் ஊதிவிட்டார்கள்.

நெட்டை போய் நின்றான். இரண்டு மூன்று முறை உருப்படியாகவே ஆடினான், ஒரு கோலுக்கு வழியும் செய்தான். அது போதவில்லை, தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் பந்து ஒன்று ஓரக்கோட்டைத் தாண்டி ஊசி நின்ற பக்கம் உயரமாக வந்தது. தோல் செருப்புப் போட்ட காலால் ஊசி அதைப் பூப்போல இறக்கினார். பழக்கதோஷம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதலாளியும் தட்டினார். நெட்டை போட்ட பாஸுக்கு ஒருத்தன் தட்டவில்லை. ஊசிக்கு அந்தக் கைகளையெல்லாம் முறிக்க வேண்டும் போலிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார்.

"கோச் வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க சாயங்காலம் வந்து ஆடிட்டுப் போங்க, போதும். ஜனம் உங்களைப் பாக்கத்தானே வருது."

"நான் என்ன சர்க்கஸ் யானையா? வரமாட்டேன்" என்றார் ஊசி. முதலாளியின் சிரிப்பு நின்றது.

வெளியே, பூட்ஸைக் கையில் பிடித்தபடி நெட்டை நின்றிருந்தான். ஊசி அவன் எதிரே போய் நின்றார்.

"அந்த இடம் உன்னுது. எவன் வந்து தள்ளுன்னு சொன்னாலும் தள்ளாத. நானே வந்து சொன்னாலும்."