செல்லூர் லைனில் ஒரு நிதானம்

இணையத்தில் ஆடும் மூன்று நிமிடச் சதுரங்கத்தில் என் ஆட்டத்துக்கு நிதானம் என்று பேர். வைத்தவன் என் நண்பன். செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்த பிரவுசிங் சென்டரில் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கடைக்காரரிடம் சொல்வான்.

"பாருங்கண்ணே, அந்தப் பக்கம் எம்புட்டு அவசரப்பட்டாலும் மாப்ள அசைய மாட்டான்."

பெருமைப்பட எனக்கு வேறெதுவும் கிடையாது. டிகிரி முடித்து, வங்கித் தேர்வு எழுதி எழுதித் தோற்று, மேலூரில் ஒரு கிரானைட் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தோற்கடிப்பது ஒன்றில்தான் நானும் கெட்டிக்காரன்.

தாக்கி ஆட மாட்டேன். சிப்பாய்களை நெருக்கமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். எதிராளி எப்படியும் பொறுமையிழந்து குதிரையையோ யானையையோ சும்மா கொடுப்பான். வாங்கிக்கொண்டு மெதுவாகக் கதையை முடிப்பேன்.

பிறகு கடைக்கு பிராட்பேண்ட் வந்தது. டெலிபோன் லைனின் கிர்ர் சத்தம் ஒழிந்ததென்று கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு ஆடிய முதல் ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்றேன். அடுத்ததில் ராணியை விட்டேன். அதற்கப்புறமும் தோல்விதான். வழக்கமாக என்னிடம் தோற்கும் ஒருவன் ஜெயித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினான்: "உன் லைன் சரியாகிவிட்டது போல. முன்பெல்லாம் உன் காய் வந்து சேர்வதற்குள் எனக்குச் சலித்துவிடும். முடிந்தால் போதுமென்று எதையாவது நகர்த்துவேன்."

நாங்கள் ஆடும் இணையதளத்தில், காய் லைனில் தவழ்கிற நேரம் இருவர் கடிகாரத்திலும் ஏறாது. அந்த ஓசி நேரத்தில் அவர்கள் அங்கே எரிச்சல்பட்டார்கள், நான் இங்கே யோசித்தேன். இதைத்தான் என் திறமை என்று இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கேவலமாக இருந்தது.

நண்பனும் அதைப் படித்துவிட்டான். வெளியே வந்து டீ சொன்னான். கிளாஸைக் காலி செய்து வைத்தான்.

"மாப்ள, ஆனையூர்ல எங்கக்கா வீட்டுப் பக்கம் ஒரு சென்டர் இருக்கு. அங்க இன்னும் பழைய லைன்தான். வாரியா, போவோம்?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நோயாளிக்கு நல்ல டாக்டரைச் சொல்கிற அக்கறையோடு சொன்னான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆனையூர் போனேன். ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தேன். எதிராளி சலித்துப்போவது லைனால்தான் என்று தெரியாமல் முன்பு காத்திருந்தேன். அன்றைக்குத் தெரிந்தே காத்திருந்தேன்.